சொந்தக் கை

விடியற்காலையில் அம்சவல்லிக்கு வலது கை செத்துக் கிடக்கும். எழுந்து பத்துத் தடவை உதறினால்தான் எறும்பு ஊறுவதுபோல் உயிர் வரும். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்துப்போய்க் கிடக்க, சுண்டுவிரல் மட்டும் தனக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். புருஷன் மருதையன் செத்த பிறகு, பிள்ளைகுட்டி இல்லாதவள், ஐந்து மா குத்தகை நிலத்தை ஏழு வருஷமாக இந்தக் கையை வைத்துத்தான் காப்பாற்றினாள். ஏர் ஓட்ட மட்டும் ஆள் வைப்பாள். நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது, அறுப்பது எல்லாம் அவளே.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. பெயர் பதிந்துவிட்டால் லேசில் யாரும் கிளப்ப முடியாது. ஆனால் சட்டத்துக்குள் ஒரு கொக்கியும் இருந்தது. சொந்த உழைப்பில் பயிரிடுகிறவர்தான் குத்தகைதாரர். அம்சவல்லி மனுப் போட்டாள். தன் உழைப்பை எவன் சந்தேகப்படப் போகிறான் என்று நினைத்தாள், பாவி.

நிலக்காரர் பஞ்சநதம் கோபப்படவில்லை. மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறுவை அறுப்பன்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கருக்கரிவாள் அவள் கையிலிருந்து மூன்று தடவை நழுவியது. மறுநாள் தன் வண்டியையே பூட்டச் சொல்லி அவளைக் கும்பகோணத்துக்கு அனுப்பினார்.

"டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்க, அம்சவல்லி. விசாரணையில காட்டு, உனக்கு நல்லது" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டிக்காரன் காத்தானிடம் வழிநெடுக அவர் புகழையே பாடிக்கொண்டு போனாள்.

டாக்டர் ரசியா பேகம் மணிக்கட்டில் தட்டியதும் விரல்நுனிவரை சுரீரென்றது. கட்டைவிரலடி மேடு வற்றிக் குழிந்திருப்பதைக் காட்டினார். மணிக்கட்டுக்குள் குறுகலான ஒரு வழியில் நரம்பு நசுங்குகிறது என்றார். வருஷக்கணக்காக மணிக்கட்டை மடக்கிச் செய்த வேலை, மாதவிலக்கு நின்ற வயது இரண்டும் சேர்ந்துகொண்டன. ஆண்களைவிடப் பெண்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். சர்க்கரை இருந்தாலும் வரும், அவளுக்கு அது இல்லை. தஞ்சாவூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார். தாமதித்தால் வற்றிய மேடு திரும்பாது.

பதிவு முடியட்டும் என்றாள் அம்சவல்லி. உழைத்து உழைத்துத்தான் இப்படி ஆனது என்று எழுதித் தரும்படி கெஞ்சினாள். நல்ல மனசோடு டாக்டர் இங்கிலீஷில் நாலு வரி எழுதித் தந்தார்.

விசாரணை நாளில் தாலுக்கா ஆபீஸில் அந்தக் காகிதத்தை அவளே அதிகாரியிடம் நீட்டினாள். கேட்பதற்கு முன்பே நீட்டினாள். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வலது கையில பலமில்லை, வயல் வேலை எதுவும் செய்யக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. அப்ப நீ எப்படிப் பயிர் வைக்கிற?"

"வேலை செஞ்சுதாங்க கை இப்படிப் போச்சு. அதையும் எழுதியிருப்பாங்க, பாருங்க ஐயா."

"எழுதியிருக்காங்க. கை ஏன் போச்சுன்னு சட்டம் கேக்கல. இப்ப இருக்கா இல்லையான்னுதான் கேக்குது."

அவள் பஞ்சநதத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மேல்துண்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காகிதம் வாங்கிக்கொள்ளச் சொன்ன குரல் அப்போதுதான் அவளுக்கு முழுசாகக் காதில் விழுந்தது. மனுவைத் தள்ளுபடி செய்து உத்தரவு எழுதப்பட்டது. எழுதிய மையைவிட வேகமாகக் காய்ந்துபோனாள் அவள்.

"வண்டி வெளியில நிக்குது. ஏறிக்க, கொண்டுவிடச் சொல்றேன்" என்றார் பஞ்சநதம், அதே அன்போடு.

உத்தரவு பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு வேண்டுமாம். மேசைமேல் கிடந்த அவள் வலது கையைக் குமாஸ்தா ரெத்தினம் பிடித்து, கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினார். அவளுக்கு மை பட்டதும் தெரியவில்லை, காகிதம் பட்டதும் தெரியவில்லை.

"பதிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாப் பதிஞ்சிருச்சு" என்றார் ரெத்தினம்.