நிழலில் நின்ற கார்

இருட்டு விலகும் முன்பே லிரியே கார்ப் பட்டறையில் மெருகு மெசினை முடுக்கிவிட்டாள். ஆகஸ்ட் வெயிலில் கொதிக்கும் ஃபியர் நகரில் இந்த வேலைக்கு உகந்த நேரம் அதுதான். கார்த் தகடு குளிர்ந்திருக்கும். கீறல்மேல் பசை தடவி, மெசினின் பஞ்சு வட்டை மெல்லச் சுழலவிட்டு, மேலே மெழுகு பூசித் துடைத்தால் கீறல் இருந்த இடமே தெரியாது. மணிக்கட்டு மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும்.

ஜெர்மனிக்குப் பிழைக்கப் போன ஊர்க்காரர்கள் கல்யாணங்களுக்கு ஓட்டிவந்த கார்கள் நெடுஞ்சாலை வரை வரிசை கட்டி நின்றன. முதலாளி நஸ்மிக்குத் தலைகால் புரியவில்லை. இனி மதிய வெயிலிலும் வேலை என்று சொல்லிவிட்டார். பட்டறையில் கூரை போட்ட இடம் ஒன்றே ஒன்று. அங்கே அவருடைய கறுப்புக் கார் நின்றது. அதற்கு மெழுகு பூசுவது லிரியேயின் பொறுப்பு. சாவி அவள் பையில்தான் கிடக்கும்.

நடுமதியத்தில் பெயிண்ட் தீயும் நாற்றம் வந்தது. கூட வேலை செய்யும் இல்பெரின் கையிலிருந்த மெசின் நின்றது. சிவப்புக் காரின் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் வெந்துபோயிருந்தது.

"கண்ணு பொடனியிலயா இருக்கு?" நஸ்மி கத்திக்கொண்டே வந்தார்.

"தகடு அடுப்பா கொதிக்குது, மெசின ஓட்ட வேணாம்னு அப்பவே சொன்னேனே முதலாளி."

"கை சரியா இருந்தா வெயில் என்னடா பண்ணும்? மெசினை வச்சிட்டுக் கிளம்பு. நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

இல்பெரின் மனைவிக்கு இது பேறுகால மாதம். லிரியே தன் மெசினைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தால் அடுத்து தன் சீட்டுத்தான் கிழியும். வீட்டில் இரண்டு மகள்கள். ஆனால் நேற்று அவள் கையிலும் பெயிண்ட் தீயத்தான் பார்த்தது. பயமும் ஆத்திரமும் முட்டி மோத, அவள் நேரே கூரைக்கடியில் போய்க் கறுப்புக் காரைக் கிளப்பி, வெயிலின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏய்! யாரைக் கேட்டு எடுத்த?"

"பானெட்ல சின்னதா ஒரு கீறல் இருக்கு முதலாளி. எடுத்துடறோம். போய் ஒரு மோர் குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள நல்லாச் சூடேறிடும்."

மற்ற மூன்று வேலையாட்களும் தத்தம் மெசினோடு காரைச் சுற்றி வந்து நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தகடு சூடேறும்வரை காத்திருந்தார்கள்; நஸ்மியும் நகரவில்லை. வியர்வை சொட்டியது. லிரியே தன் மெசினை எடுத்துப் பித்தானை அழுத்தினாள். வட்டு உறுமிக்கொண்டு பானெட்டை நோக்கி இறங்கியது.

"ஐயோ, தொடாத!" நஸ்மி பாய்ந்து குறுக்கே கையை ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் உதறிக்கொண்டு எடுத்தார்.

"ஏன் முதலாளி? எங்க கை சரியாத்தான் இருக்கு" என்றாள் லிரியே.

"ஒருத்தரும் இங்க இருக்க மாட்டீங்க! ரோட்டுல ஆளா கிடைக்காது?"

"கூட்டிட்டு வாங்க" என்றான் கூட்டத்தில் மூத்தவனான பெல்லும்ப். "அவங்களையும் இந்தக் கார்லயே ஆரம்பிக்கச் சொல்லுங்க."

லிரியே தன் மெசினை அணைத்தாள்; மற்றவர்களும் தங்களுடையதைக் கீழே வைத்தார்கள். நால்வரும் கூரைக்கடியில் போய் உட்கார்ந்தார்கள். இல்பெர் மட்டும் வெயிலிலேயே நின்றான்.

"எனக்குத்தான் வேலை இல்லையேக்கா."

"வாடா உள்ள. எங்களுக்கு மட்டும் இருக்கா?"

அவன் வந்தான். நெருக்கியடித்து இடம் விட்டார்கள். சாலையில் காத்து நின்ற கார்களின் ஹாரன்கள் அலறத் தொடங்கின. நஸ்மி வாசலைப் பார்த்தார், வெயிலில் நிற்கும் தன் காரைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

லிரியே உடனே எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தாங்க. வண்டிய எங்க நிறுத்தப் போறீங்கன்னு மட்டும் யோசிச்சுக்குங்க. இங்க நாங்க அஞ்சு பேர் இருக்கோம்."