ஃபோர்டின் ஜாடியில் ஒரு சோளம்

லிங்கன் பெயரில் நடக்கிற விருந்தில் லிங்கனுக்கு மட்டும் ஜாடி கிடையாது. வைத்தால் அவரே ஜெயித்துவிடுவார், அப்புறம் சண்டை போட என்ன மிச்சம்? அதனால் அமெரிக்காவின் அயோவாவில் எங்கள் மாவட்டத்துக் குடியரசுக் கட்சிக்காரர்கள் வருஷா வருஷம் பிப்ரவரியில், கண்காட்சி மைதானக் கூடத்தில் மற்றவர்களுக்குத்தான் ஜாடி வைப்பார்கள். ஐசனோவர், ரேகன், முதல் ரூஸ்வெல்ட், கூலிட்ஜ், ஃபோர்ட். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: செத்துப்போன நம்ம தலைவர்களில் இன்றைக்கு யார் வந்தால் நல்ல அதிபராக இருப்பார்? ஆளுக்கு ஒரு சோள முத்து கொடுப்பார்கள். கண்ணாடி ஜாடியில், எல்லோர் கண் முன்னாலும் போட வேண்டும்.

விளையாட்டுத்தான் என்பார்கள். மண்ணாங்கட்டி விளையாட்டு! ரேகன் ஜாடியில் போட்டால் நீ மாவட்டக் கட்சித் தலைவர் கெய்லனின் ஆள். ஐசனோவர் என்றால் மார்சீன் கூட்டம், கெய்லனைக் கண்டாலே ஆகாதவர்கள். செத்தவர்கள் பேரைச் சொல்லி உயிரோடு இருப்பவர்களைத் தரம் பிரிக்கிற வேலை இது.

அந்த வருஷம் என் மனைவி ஆர்லிஸுக்கு இது விளையாட்டே இல்லை. மாவட்டக் கருவூல அலுவலகத்தில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முதல் நாற்காலியின் வேலையை எல்லாம் பார்த்தவள் அவள். மேலதிகாரி ஓய்வு பெறுகிறார். எங்கள் ஊரில் அந்த நாற்காலிக்கும் ஓட்டுத்தான், ஆர்லிஸ் நிற்கப்போகிறாள். ஜூனில் கட்சிக்குள் தேர்தல். அதில் ஜெயித்தால் நவம்பரில் எதிர்த்து நிற்க ஆளே கிடையாது. அதற்குக் கெய்லனும் வேண்டும், மார்சீனும் வேண்டும். கெய்லன் காப்பிக் கடையில் உட்காரவைத்துக் கேட்டபோது "ரேகன்தான்" என்று சொல்லியிருந்தாள். தன்னோடு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிய மார்சீனிடம் "ஐசனோவரை விட்டா யாரு இருக்கா?" என்று சொல்லியிருந்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே கூடத்துலதான உக்காந்திருப்பாங்க?" என்று கேட்டேன்.

"அத்தனை கூட்டத்துல யாரு என் கையப் பாக்கப் போறா, ராலி? நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன்.

விருந்தன்று மதியச் சாப்பாடு முடிவதற்குள் பனிப்புயல் வந்துவிட்டது. ஷெரீப் தன் போலீஸ்காரர்களை விட்டுச் சாலையை மூடிவிட்டார். பனி தள்ளும் வண்டிகளையும் திருப்பி அழைத்துவிட்டார்கள். யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வேலைவெட்டி இல்லாமல் அடைபட்ட கூட்டம் என்ன செய்யும்? ஜாடிகளைக் கவிழ்த்து எண்ணியது. ரேகனும் ஐசனோவரும் சமம். ஃபோர்ட் ஜாடி வழக்கம்போலக் காலி.

"ஆர்லிஸ் இன்னும் போடலையே!" என்று எவனோ கத்தினான். நாசமாய்ப் போகிறவன்.

அவள் சமையலறையில் யாரும் சொல்லாமலே தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"வாம்மா வா," என்றார் கெய்லன், வாயெல்லாம் பல்லாக. "முடிச்சு வச்சிரு. இவ நம்ம ஆளு. எங்கிட்டயே சொல்லிருக்கா."

"உங்ககிட்டயா?" மார்சீன் எழுந்தாள். "எங்கிட்ட வேற மாதிரில்ல சொன்னா! ஏண்டி ஆர்லிஸ், என்ன இது?"

ஆர்லிஸ் முகத்தில் ரத்தமே இல்லை. "கார்ல என் மாத்திரை இருக்கு, எடுத்துட்டு வந்திர்றேன்," என்று வாசலுக்கு நடந்தாள். தள்ளினாள். கதவு விரலளவு திறந்து, வெளியே குவிந்த பனியில் இடித்து நின்றுவிட்டது. தோளைக் கொடுத்து மறுபடி தள்ளினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம்தான், அதையும் எல்லோரும் பார்ப்பார்களே என்று நாற்காலியிலேயே கிடந்தேன்.

திரும்பி வந்தாள். மேஜை முன்னால் நின்றாள். கெய்லனைப் பார்த்தாள், மார்சீனைப் பார்த்தாள். கையை நீட்டி, ஃபோர்ட் ஜாடியில் போட்டாள்.

காலி ஜாடியில் அந்த ஒற்றைச் சோளம் டங்கென்று விழுந்து உருண்டது.

"தோத்தவரையா?" என்றான் ஒருவன்.

"ஆமா, தோத்தவரைத்தான்," என்றாள். "பதவியில தப்புப் பண்ணி விலகின நிக்சனை மன்னிச்சாரு. ஊரே காறித் துப்புச்சு. சரியோ தப்போ, தனக்குச் சரின்னு பட்டதைச் செஞ்சாரு, அதுக்கப்புறம் தேர்தல்ல தோத்தாரு. இன்னைக்கு அப்படி ஒரு ஆளு எங்க இருக்கான்? நானே இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டுத் திரிஞ்சேன்."

ஐயோ, என் ஆர்லிஸ்! அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை.

மார்சீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெய்லன் மெதுவாக எழுந்து வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதைவிடக் கெட்டிக்காரர். ஜாடியை எடுத்து, சோளத்தை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்.

"கை ஈரமா இருக்குல்ல," என்றார் அன்பாக. "வழுக்கி விழுந்திருக்கும். ஜூன்ல உனக்கு எவ்வளவு வேலை இருக்கு! இதுக்குப் போய் மனசைக் கெடுத்துக்கலாமா? கை தவறிடுச்சு. அப்படித்தானம்மா?"

ஆர்லிஸ் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா," என்றாள். "கை தவறிடுச்சு."

கெய்லன் சோளத்தை ரேகன் ஜாடியில் போட்டார். பாதிக் கூடம் கைதட்டியது. ஆர்லிஸும் தட்டினாள். மார்சீன் எங்கள் மேஜையில் வைத்திருந்த தன் கோட்டை எடுத்துக்கொண்டு, கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். வெளியே போக வழியில்லாததால் அவளுக்கும் அவ்வளவுதான் போக முடிந்தது.

வெளிச்சம் மங்கியும் பனி விடவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆர்லிஸின் தோளைத் தட்டி, "கருவூல அதிகாரி அம்மா, சௌக்கியமா?" என்று கேலி செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் சிரித்தாள். மார்சீன் கூட்டம் இல்லாமலே, ஜூனில் அவள்தான் என்பது முடிவாகிவிட்டது.

எங்கள் மேஜைப் பக்கம் கொஞ்சம் ஆள் குறைந்ததும் அவள் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது.

"ராலி," என்றாள் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "அது ஃபோர்ட் ஜாடிக்குள்ள டங்குன்னு விழுந்துச்சுல்ல, அப்ப நல்லா இருந்துச்சு."

"கேட்டுச்சு," என்றேன்.

"எல்லாருக்கும் கேட்டுச்சுல்ல?" என்று கேட்டுவிட்டு, அடுத்து வந்தவருக்குச் சிரிக்க முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.