திரும்புகிறவர்களுக்கான குறி

போஹின் ஏரியின் வடகரைப் பாதையில் வழிக்குறி தீட்டும் வேலையை மலையேற்றச் சங்கம் எனக்கும் திலெனுக்கும் கொடுத்திருந்தது. புயலில் மரங்கள் சாய்ந்ததால் பாதை மேட்டுப் பக்கம் விலகி ஓடியது. அங்கே பீச் மரங்களில் புதுக் குறிகள் வேண்டும்: சிவப்பு வளையம், நடுவில் வெள்ளைப் பொட்டு. போகிறவர் கண்ணுக்குப் படும் பக்கம் திலென் தீட்டுவான். திரும்புகிறவர் பார்க்கும் பக்கம் என் பொறுப்பு.

அன்று மாலை ரயிலில் அவன் இன்ஸ்ப்ரூக் போகிறான், கேபிள் கார் வேலைக்கு. எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. கிளம்புவதற்குள் என்னிடம் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். நானே சொல்லியிருக்கலாம். மனதுக்குள் அந்த வாக்கியத்தைத் திருத்தத் திருத்த அது மோசமாகிக்கொண்டே போனது.

புது அறையில் கூட இருக்கப்போகிறவன் குறட்டை விடுவானாம், அதைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தான். இடது பக்கம் இலைகளுக்கு நடுவே ஏரி பச்சையாகக் கூடவே வந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். கட்டியின் தடித்த தோலை அவன் எடுத்துக்கொண்டு நடுப்பகுதியை எனக்குக் கொடுத்தான்.

மறுகோடியில், உகான்ஸ் படகுத்துறையில், திலென் திரும்பிப் பார்த்தான்.

"நேஷா, உன் பக்கம் எங்க?"

ஒரு மரத்தில்கூடக் குறி இல்லை. வழி நெடுக அவனுடைய பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவனோடு ஒட்டியே நடந்திருக்கிறேன். என் டப்பா பையில் திறக்காமல் கிடந்தது.

"நல்ல ஆளு நீ. எல்லாரையும் இங்க கொண்டுவந்து விட்டுட்டு, இனிமே இங்கயே குடியிருங்கன்னு சொல்லிடலாமா?"

சிரித்தேன். காது சுட்டது. மறுநாள் ஞாயிறு, மேலே மலைக்குடிலில் தங்கியவர்கள் இந்த வழியாகத்தான் இறங்குவார்கள். வேலையை அப்படியே விட முடியாது. துறையில் படகு நின்றது. அதை விட்டால் அவனுக்கு ரயில் கிடைக்காது.

அவன் படகைப் பார்த்தான், பிறகு என்னை.

"வேணும்னா இருக்கேன். நாளைக்குப் போய்க்கலாம்."

காலையிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் மரங்களுக்காக இருக்கிறேன் என்கிறானா, எனக்காகவா? அதை யோசித்துக்கொண்டிருந்தபோதே படகோட்டி கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"வேணாம், நீ கிளம்பு. இது என் வேலைதானே," என்றேன்.

"நிஜமாவா?"

"ஆமா."

இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு தன் பிரஷை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டான்.

முதல் வளையம் கோணலாக வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மரங்கள் விலகிய ஓரிடத்தில் ஏரி முழுதாகத் தெரிந்தது. படகு நடுவில் போய்க்கொண்டிருந்தது. பின் பலகையில் ஒருவர் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அது அவன்தானா என்று அத்தனை தூரத்தில் சொல்ல முடியவில்லை. பிரஷோடு கையைத் தூக்கினேன். அந்தப் பக்கம் அசைவு எதுவும் இல்லை.

படகு மறைந்து வெகுநேரம் கழித்தே அது கிளப்பிய சிற்றலை கரைக்கு வந்தது. அது வந்து சேரும்வரை நின்றுகொண்டிருந்தேன்.