பெல்லாமி ஐயரின் லில்லிப் பாட்டு

விரல் தட்டிக்கொண்டிருக்கிறது, பெண்டாட்டியின் சவப்பெட்டி மேல், ஒன்று இரண்டு மூன்று நான்கு, ஒரு நிறுத்தம், மறுபடியும் ஒன்று இரண்டு, தேக்குப் பலகையில் அந்த வெள்ளை விரல் அடி எண்ணுகிறது, கோயிலில் இருக்கிறவர்கள் எல்லாம் பாவம் ஐயருக்குக் கை நடுங்குகிறது என்று மூக்கைச் சிந்துகிறார்கள், எனக்குத் தெரியும், நடுக்கம் இல்லை அது, பாட்டுக் கட்டுகிறார், அம்மாளை இன்னும் குழியில் இறக்கவில்லை, அதற்குள் முதல் அடி வந்துவிட்டது போலிருக்கிறது, உதடு அசைகிறது, இதே விரலை இதே தாளத்தில் நான் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் பெட்டி சின்னது, தேக்கில்லை, பனஞ்சட்டம், உள்ளே என் மகள்.

சீமையிலிருந்து வந்த பாதிரிமாரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்லுவோம், இவர் பெல்லாமி ஐயர், இரட்சண்யபுரத்துச் செம்மண் தேரிக்கு நடுவில் கோயில் கட்டியவர், கட்டிய கையோடு பாட்டும் கட்டியவர், மழை வந்தால் ஒரு பாட்டு, வராவிட்டால் ஒரு பாட்டு, வாந்திபேதிக்கு ஒன்று, விளக்கெண்ணெய் குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளைக்குக்கூட ஒன்று, மெட்டெல்லாம் கப்பலில் வந்து இறங்கியது, அதற்குள் எங்கள் வார்த்தைகளைத் திணிக்கும்போது பாதி கழுத்து நெரிந்து செத்தது, அவருக்கு அது கேட்காது, கண்ணை மூடிப் பாடுகிறவருக்கு என்ன கேட்கும், என் புருஷனின் அக்காள் மாசிலா மதினிதான் காதில் கிசுகிசுப்பாள், ஏட்டி, ஐயரு பாட்டக் கேட்டு எங்க வெள்ளாட்டுக்குப் பாலு வத்திப்போச்சுளா, நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பேன், அப்போது என் மகள் தொற்காள் உயிரோடு இருந்தாள், வாயில் வைத்த முந்தானை சிரிப்பை அடக்க மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

காய்ச்சல் வந்தது, விறைத்தாள், போய்விட்டாள், முன்பல் விழுந்து புதுப்பல் முளைக்கக்கூட இல்லை, கோயிலில் பெட்டியை வைத்ததும் நான் கூந்தலை அவிழ்த்துக் கையை மாருக்குக் கொண்டுபோகிறேன், உபதேசியார் வேதக்கண் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடிக்கிறார், எளா சும்மாயிரு, மாரடிக்கது ஒப்பாரி வைக்கது எல்லாம் அஞ்ஞானிமாரு பழக்கம், ஐயரு பாக்காரு, கல்லறைத் தோட்டத்துல பிள்ளைக்கு எடம் தரமாட்டாரு பாத்துக்க, எங்கே கொண்டுபோய்ப் புதைப்பேன், தேரியில் போட்டால் காற்று மண்ணை வாரிக்கொண்டு போய்விடும், நரி வரும், முந்தானையைப் பல்லுக்குள் வைத்து இறுக்கிக் கடித்தேன், கடித்த கடியில் உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது, அதை ஐயர் பார்த்தார், பெட்டியில் தட்டிக்கொண்டே பார்த்தார், பார்த்துவிட்டு நான் புன்னகைத்தேன் என்று எழுதினார்.

லில்லிப் பூவே லில்லிப் பூவே, லோகத் துன்பம் போச்சே, தாயும் நின்று புன்னகைத்தாள், தங்க வாசல் திறந்தாச்சே. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாள் ஆர்மோனியம் வாசிக்க, ஐயர் கண்ணை மூடிப் பாட, சபை முழுக்க எழுந்து நின்று பாடியது, யார் அந்த லில்லி என்று நானும் திரும்பிப் பார்த்தேன், என் பிள்ளைதானாம், தொற்காள் என்கிற பேர் மெட்டில் உட்காரவில்லை என்று ஐயர் உபதேசியாரிடம் சொன்னாராம், நான் பெற்றது அவர் மெட்டில் வந்து உட்காரவா, லில்லின்னா என்னட்டி, கீரையா, என்று மாசிலா மதினி கேட்டாள், அவளுக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. பாட்டு சீமைக்குப் போனது, அங்கே துரைசானிமார் எல்லாம் கைக்குட்டை நனைய அழுதார்களாம், அச்சடித்துப் படத்தோடு திரும்பி வந்தது, படத்தில் மஞ்சள் மயிரோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஒருத்தி, அது நானாம்.

அதற்குப் பிறகு எந்த ஊரில் பிள்ளை செத்தாலும் ஐயரின் வில்வண்டி என் வாசலுக்கு வரும், லில்லியம்மாளே ஏறு, என் பேரும் போய்விட்டது பாருங்கள், போய்ப் பிணத்தின் தலைமாட்டில் நின்று முதல் அடியை நான்தான் எடுக்க வேண்டும், இதோ பார், இவளும் தாய்தான், இவள் அழுதாளா, என்று ஐயர் என்னைக் காட்டுவார், சந்தையில் மாட்டைக் காட்டுகிற மாதிரி, கீழ்த்தெருவில் ஒருத்தி என் முகத்திலேயே துப்பினாள், நீ பெத்தவளா பேயாட்டி, துடைத்துக்கொண்டு இரண்டாவது சரணம் பாடினேன், மறுத்தால் இடத்தைக் கொடுத்தவர் எடுத்துக்கொள்வாரோ என்கிற பயம், கல்லறைத் தோட்டத்துச் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறதே.

அம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். பங்களா வராந்தாவில் எங்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுப்பாள், ஒரு மத்தியானம் மற்றவர்கள் போன பிறகு ஊசியைக் கீழே வைத்தாள், அவள் தமிழ் வேதப்புத்தகத்தில் படித்த தமிழ், நீ புன்னகைக்கவில்லை, நான் கண்டேன், என்றாள், பங்களாவுக்குப் பின்னால் அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளின் கல் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அவற்றுக்கும் ஐயர் பாட்டுக் கட்டினார், இரண்டுக்கும் நானே ஆர்மோனியம் வாசித்தேன், என் கைகள் அப்பொழுது வேலையாயிருந்தன, உங்கள் ஸ்திரீகள் எப்படி அழுவார்கள், எனக்குக் காண்பி, என்றாள். சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக, ஐயர் காதில் விழாத அளவுக்கு, அவள் பிள்ளைகளுக்கு நான் ஒப்பாரி வைத்தேன், கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளும் ஆடினாள், கவுன் எல்லாம் அரிசித் தவிடு, வெளியே வந்து முகம் கழுவி ஐயருக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள், அவர் குடித்துக்கொண்டே மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

தட்டுகிறது, இப்போதும், ஒன்று இரண்டு மூன்று நான்கு, நின்றது, ஐயர் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறார், லில்லியம்மாள், தொடங்கு, சந்தோஷமாகத் தொடங்கு. எழுந்தேன், பெட்டிக்குப் பக்கத்தில் போனேன், கொண்டையைத் தொட்டேன், அது தானாக அவிழ்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கப்பலேறி வந்த மகளே, கண்ணீரை முழுங்கித் தின்ன மகளே, ரெண்டு கல்லப் பாத்திருந்து ரெப்பை மூடாத மகளே, உபதேசியார் பாய்ந்து வருகிறார், எளா சும்மாயிரு, கல்லறைத் தோட்டம் ஞாபகம் இருக்கட்டும், நான் பாட்டை நிறுத்தாமல் அதே ராகத்திலேயே அவரைக் கேட்கிறேன், தோண்டியா எடுப்பீரு வேய், எலும்பும் மண்ணாப் போச்சே, அத எந்தக் கையால பிரிப்பீரு வேய், இத்தனை வருஷம் இதைக்கூட யோசிக்காமல் போனேனே, பின்னால் மாசிலா மதினியின் குரல் ஏறுகிறது, கீழ்த்தெருக்காரி எழுந்து வந்து என் தோளில் கை போடுகிறாள், துப்பியவளேதான், ஐயர் பாட்டை உரக்க எடுக்கப் பார்க்கிறார், லில்லி என்று ஆரம்பிக்கிறார், அது எங்களுக்குள் மூழ்கிப்போகிறது, விரல் பலகைக்கு மேலே நிற்கிறது, எண்ணிக்கை தப்பிவிட்டது, முதலில் இருந்து எண்ணப் பார்க்கிறார், நான் விடவில்லை, அம்மாளுக்கு அழுத மூச்சோடு மூச்சாக என் தொற்காளே என்கிறேன், தொற்காளே, தொற்காளே, எந்த மெட்டிலும் உட்காராத அளவுக்கு நீட்டி நீட்டிக் கூப்பிடுகிறேன்.