மூன்று விரல் தள்ளி

"நூத்தித் தொண்ணூத்திரெண்டு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் உதட்டைப் பிதுக்கினாள். கையில் சுற்றியிருந்த பட்டையைச் சர்ரென்று பிரித்தாள். "இப்படி இருந்தா டாக்டர் கிட்டயே வர மாட்டாரும்மா. இப்ப ஒரு மாத்திரை தர்றேன். பதினோரு மணிக்கு மறுபடி பார்ப்பேன். நூத்தி அறுபதுக்குக் கீழ வரணும். இல்லேன்னா இன்னைக்கும் வீட்டுக்குத்தான்."

ஏற்கெனவே இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இது மூன்றாவது தடவை. கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஆபரேஷனுக்கு முன்பு உட்கார வைக்கும் அறையில் ஆறு சாய்வு நாற்காலிகள். ஆறிலும் பச்சை அங்கி, காகிதத் தொப்பி சகிதம் ஆறு பேர். ஐந்து பேர் சமர்த்தாகச் சாய்ந்திருந்தார்கள். ஒருவர் குறட்டையே விட்டார், மகராசன். ஆறாவது நாற்காலியில், பெஞ்சின் நுனியில் உட்காருகிற பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தது ரோட்டரிக்காரரின் வீட்டம்மா.

வீட்டில் பார்த்தால் ரத்த அழுத்தம் ஒழுங்காகத்தான் இருக்கும். பச்சை அங்கியைப் போட்டுவிட்டால் போதும், விலைவாசி மாதிரி ஏறிவிடும். காரணம் இல்லாமல் இல்லை. இடது கண் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. இருப்பது வலது கண் ஒன்றுதான். அதிலும் புரை முற்றி, பத்து மாதமாக உலகமே பாலாடை படிந்தாற்போல் இருக்கிறது. இனியும் தள்ளிப் போட்டால் புரை கல்லாகிவிடும், அப்புறம் எடுப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருக்கிற ஒன்றில் கத்தி வைக்க வேண்டுமென்றால் யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது?

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ரோட்டரிக்காரருக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. ஆனால் ஆறுதல் சொல்கிற வித்தை மட்டும் அவருக்குப் பிறவியிலேயே வரவில்லை. பத்திரிகை அச்சகத்தில் ராத்திரி ஷிப்டில் இருபத்தேழு வருஷம் ரோட்டரி மெஷின் ஓட்டியவர். அந்த இரைச்சலில் கத்திக் கத்தி, கொஞ்சலாக ஒரு வார்த்தை சொன்னால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரிதான் வெளியே விழும். தெருவில் அவருக்கு ரோட்டரிக்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது.

"இந்தா, எதுக்கு இப்படிப் பயப்படுறே? உன்னை என்ன தூக்கிலயா போடப் போறாங்க?" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி.

குறட்டை நின்றது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று அவள் பல்லைக் கடித்தாள். இப்போது பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றைந்து இருந்திருக்கும்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பத்து. ஐம்பது நிமிஷம் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் அவளுடைய இடது கையைப் பார்த்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் வெட்கமாகவும் இருந்தது. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை?

கல்யாணமான புதிதில் அவருக்குப் பகல் தூக்கம் வராது. காலை ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வருவார். காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். படுத்தால் தெருவில் ஒருவன் இருமினாலும் விழிப்பு வந்துவிடும். ஒரு ராத்திரி மெஷின் பக்கத்தில் கண் சொக்கி, உருளையில் விரல் போகவிருந்து, ஒரு நகத்தோடு தப்பித்தார். அதைக் கேட்டு அவர் வீட்டம்மா அழவில்லை. மறுநாளே வைத்தியத்தோடு வந்தாள்.

அவள் அப்போது சீன டாக்டரம்மா ஒருவரின் வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டிராயர்கள், ஒவ்வொன்றிலும் காய்ந்த வேரும் பட்டையும் பூவும். சீட்டைப் பார்த்து எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவது அவள் வேலை. தூக்கமில்லை, படபடப்பு என்று வருகிறவர்களுக்கு டாக்டரம்மா மருந்தோடு நிறுத்தமாட்டார். மணிக்கட்டின் உள்பக்கம் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். டிராயரை இழுத்தபடியே அவள் அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழே காலுக்கு அவர் பாயில் படுப்பார், அவள் பக்கத்தில் உட்காருவாள். கையை வாங்குவாள். மூன்று விரல் அளப்பாள். அழுத்துவாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அடுத்து அவர் பார்ப்பது மத்தியான வெயிலைத்தான். அவர் ராத்திரி வேலை, அவள் பகல் வேலை. ஞாயிற்றுக்கிழமையை விட்டால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்த நேரமே அந்தக் காலை நேரம்தான்.

அதிலும் ஒரு சண்டை உண்டு. அவளுக்கு ஏழரை பஸ், ஸ்டாப்புக்குப் பத்து நிமிஷ நடை. அதை அவள் பிடித்ததாகச் சரித்திரமே இல்லை. அடுத்த பஸ்ஸில் போய் டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். "நூறு டிராயர்ல எது எங்கேன்னு தெரியுது, கடிகாரத்துல முள்ளு எங்கேன்னு தெரியலயா?" என்று கேட்பாராம். ரோட்டரிக்காரருக்கு ரோஷம் வந்து, ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். அப்போதும் பஸ் போய்விட்டது. சரி, இது திருத்த முடியாத கேஸ் என்று தலை முழுகிவிட்டார்.

எட்டு வருஷத்துக்கு முன்பு அவர் ஓய்வு பெற்றார். ராத்திரி தூங்குகிற மனிதருக்கு எதற்கு என்று அவள் நினைத்தாளோ என்னவோ, அழுத்துவது அன்றோடு நின்றது. அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ரேடியோ சத்தத்துக்கும் ஈரத் துண்டுக்கும் சண்டை போட்டார்கள். எத்தனையோ காலை பேப்பர் படிக்கிற சாக்கில் மணிக்கட்டை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் கவனிக்கவில்லை. வாயைத் திறந்து கேட்டால் முத்தா உதிர்ந்துவிடும்? கேட்கவில்லை. வீம்பு. அந்தக் காலை நேரத்துக்காக அவர் ஏங்கினார் என்பதுதான் உண்மை, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"இந்தா, கையைக் கொடு" என்றார்.

"எதுக்கு?"

"நீ எனக்குச் செய்வியே, அது."

அவள் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. "உங்களுக்கு எங்கே தெரியும்?" என்றாள்.

"என்ன பெரிய ராக்கெட்டா? மூணு விரல் தள்ளி."

தன் மூன்று விரலை அவள் மணிக்கட்டில் வைத்தார். மெஷின்காரர் விரல், ஒவ்வொன்றும் மொந்தன் வாழைப்பழம். மூன்றையும் வைத்தபோது பாதி முன்கை வரை போயிற்று. அங்கே கட்டைவிரலை ஊன்றி, மெஷினில் நட்டு முடுக்குகிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினார்.

"ஐயோ! எலும்பை ஒடிக்கப் பாக்குறீங்களா?"

நர்ஸ் ஓடி வந்தாள். என்ன ஏது என்று பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பட்டையைச் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. "ஐயா, நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்களேன்" என்றாள், மரியாதையாகத்தான். ஆனால் அதைவிடக் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

"இல்லம்மா, சும்மா இருக்கேன்" என்றார் ரோட்டரிக்காரர், அவர் வாழ்நாளில் பேசாத சின்னக் குரலில். நர்ஸ் போய்விட்டாள். மணி பத்தரை.

"எங்கேன்னு நீயே சொல்லேன்" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இருபத்தேழு வருஷம் கையை நீட்டினவருக்குத் தெரியாதா? விடுங்க. இன்னைக்கும் நடக்காது. எனக்கு இனிமே இருட்டுதான்."

அவள் குரல் உடைந்தது. தான் உதவ வந்த லட்சணத்தை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டார். இருபத்தேழு வருஷம், தினமும், ஒரு நாளாவது கண்ணைத் திறந்து அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தேனா? அவளுக்குப் படபடப்பு வந்தபோது யார் அழுத்தினார்கள் என்று கேட்டேனா?

கண்ணை மூடிக்கொண்டார். மூடினால்தான் அவருக்கு அது ஞாபகம் வரும். பாய். ஜன்னலில் வெயில். அவளுடைய ஈரமான கை, காய்ந்த வேர்களின் வாசனை. அவள் அவருடைய இடது கையை மடியில் வைக்கிறாள். அப்புறம்... அப்புறம் அவருடைய வலது கையையும் எடுக்கிறாள்! ஆமாம், அதைத்தான் அவர் கிண்டல் செய்வார்: "என் கையை எடுத்து என் மேலயே வைக்கிறியே, போலீஸ் ரேகை எடுக்குற மாதிரி?" அதற்கு அவள் சொல்வாள்: "டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அவங்கவங்க உடம்புக்கு அவங்கவங்க விரல்தான் அளவு. என் விரலை வச்சா உங்களுக்குச் சரியா வராது."

அடப் பாவி, என்று சொல்லிக்கொண்டார். கண்ணைத் திறந்தார்.

அவளுடைய வலது கையை எடுத்தார். புறங்கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்ததால் முட்டையைத் தூக்குவது போலத் தூக்கினார். அதன் மூன்று விரல்களைச் சேர்த்து, அவளுடைய இடது மணிக்கட்டு ரேகையை ஒட்டி வைத்தார். வைப்பதற்காக அந்த விரல்களைப் பார்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு சின்ன விரல்கள். நடுவிரல் நுனி கோணியிருந்தது. இது எப்போது கோணியது? ஆள்காட்டி விரலில் டிராயர் கைப்பிடி இழுத்து இழுத்து ஏற்பட்ட காய்ப்பு இன்னும் போகவில்லை. மூன்று விரல் முடிகிற இடத்தில், இரண்டு நரம்புகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தது. அதில் கட்டைவிரலை வைத்தார். இந்தத் தடவை மெதுவாக.

அவள் தோள் இறங்கியது.

"ஹூம்" என்றாள். அப்புறம், "கண்டுபிடிச்சுட்டீங்களே" என்றாள்.

"பத்து நிமிஷம்தானே? நீ எனக்கு அவ்வளவு நேரம்தானே அழுத்துவே?"

அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு. "பத்து நிமிஷமா! நீங்க ரெண்டாவது நிமிஷத்துலயே தூங்கிடுவீங்க. மிச்சம் எட்டு நிமிஷம் நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்."

"சும்மாவா? எதுக்கு?"

"உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"முழிச்சிருந்தா கத்துவீங்க. தூங்குறப்ப அவ்வளவு சாதுவா இருப்பீங்க, பச்சைப் பிள்ளை மாதிரி. எழுந்து போக மனசே வராது. அந்த நேரம் மட்டும்தான் நீங்க எனக்கே எனக்குன்னு இருப்பீங்க."

"அதனாலதான் ஏழரை பஸ்..."

"பின்னே? எனக்கு மணி பாக்கத் தெரியாதுன்னா நெனைச்சீங்க? கடிகாரத்தைக்கூடத் தள்ளி வச்சீங்களே, பெரிய சூரர். சரி, பத்து நிமிஷம் கூடக் கிடைச்சுதுன்னு நிம்மதியா உட்கார்ந்துட்டேன்."

ரோட்டரிக்காரர் நாற்காலிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை.

"இப்ப பத்து மாசமா உங்க முகம் வெறும் புகை" என்றாள் அவள், குரல் தாழ்ந்துபோய். "குரல் மட்டும்தான் கேக்குது. அது போதாதுங்க எனக்கு." அப்புறம் பேச்சு இழுத்து இழுத்து வந்தது. தலை சாய்ந்தது. பக்கத்து நாற்காலி மகராசனுக்கு ஜோடியாகக் குறட்டை கிளம்பியது.

பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தாள். அவர் உதட்டில் விரலை வைத்தார், சத்தம் போடாதே என்று. அவரா! நர்ஸ் பட்டையை மெதுவாகச் சுற்றினாள். நூற்று ஐம்பத்து நான்கு.

"பாத்தீங்களா, மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றாள்.

"ஆமாம்மா, நல்ல மாத்திரை" என்றார் ரோட்டரிக்காரர். அது மாத்திரையாகவே இருக்கட்டும், அவருக்கு என்ன போயிற்று?

மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு, மூடியை எடுத்து, ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, "மெல்லத் திறங்கம்மா" என்றாள் நர்ஸ். அவர் எதிரில் நின்றார். காலையில் எழுந்து முகச்சவரம் வேறு செய்துகொண்டு வந்திருந்தார், கேட்டால் சொல்லமாட்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள். சிமிட்டினாள். நர்ஸைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஐயையோ, யாரும்மா இந்தக் கிழவர்?" என்றாள்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோட்டரிக்காரர் கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

"கத்தாதீங்க" என்றாள் அவள். "இப்படி உட்காருங்க. கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன்."

கட்டிலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினார். அவள் அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்தாள். வலது கையை எடுத்தாள். அவருடைய மூன்று விரலை அவர் மணிக்கட்டில் வைத்து அளந்தாள். கட்டைவிரல் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

வாசலில் அடுத்த நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். "அம்மா, கட்டில் வேணும். நீங்க வெளியில போய் உட்காரலாம்" என்றாள் நர்ஸ்.

"ஒரு எட்டு நிமிஷம் இரும்மா" என்றாள் அவள்.

மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்து, சவரம் செய்த கன்னத்தில் இறங்கியது. துடைக்க ரோட்டரிக்காரருக்குக் கை இல்லை. இரண்டும் அவளிடம் இருந்தன. அவர் கண்ணைத் திறக்கவில்லை.