முதல் நாளே கல்யாணக் காட்சி

திங்கட்கிழமை காலை ஹிராம் டக்கெட் என் ஒப்பனை அறைக் கண்ணாடி முன்னால் வந்து உட்கார்ந்ததும், நான் பழக்க தோஷத்தில் சாம்பல் நிறப் பூச்சு டப்பாவைத் திறந்துவிட்டேன். பேசாத படக் காலத்திலிருந்து இருபத்தைந்து வருஷமாக இந்த முகத்தைச் சாவுக்குத் தயார் செய்துதான் எனக்குப் பழக்கம். தூக்கில் தொங்கியிருக்கிறார், ரயிலில் அடிபட்டிருக்கிறார், பாலைவனத்தில் நாக்கு வறண்டு செத்திருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது, முகம் தெரியாத ஆள் அமெரிக்காவில் கிடையாது. இந்தப் படத்தில்தான் முதல்முறையாகச் சாகாத வேடம். பேத்தி கல்யாணத்தை நடத்திவைத்து, கடைசிக் காட்சியில் கேக் வெட்டிச் சிரிக்கிற தாத்தா. ஒரு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூடுடா லியோ. இந்தப் படத்துல நான் சாகல," என்றார்.

மூடினேன். போன வாரம் ஸ்டூடியோ டாக்டர் இன்சூரன்சுக்காக நடிகர்களைச் சோதித்தார். ஹிராமிடம் ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றாராம். பிறகு அந்த டாக்டர் நேராகத் தயாரிப்பாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதை நான் பார்த்தேன்.

ஹிராம் மடியில் படப்பிடிப்பு அட்டவணையை விரித்தார். "எனக்கு மொத்தம் பதினோரு காட்சி. பதினொன்னும் புதனுக்குள்ள. கல்யாணம் இன்னிக்கே. பொண்ணும் மாப்பிள்ளையும் மொதல்ல சந்திக்கிற காட்சியே அடுத்த மாசந்தான்."

"செட்ட சீக்கிரம் பிரிக்கணுமோ என்னமோ."

"கோவேறு கழுதைக்குக்கூட ஆறு வாரம் குடுத்திருக்கான், பாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அட்டவணை படிக்கத் தெரியாதவரா அவர்? ஆப்பிள் தோட்டம் பூத்திருந்தால் உதிர்வதற்குள் எடுத்துவிடுவார்கள். எது நிலைக்காதோ அதுதான் முதலில்.

"டாக்டர் உங்கிட்ட எதாவது சொன்னானா?"

"இல்ல." உண்மைதான். ஆனாலும் பொய் சொன்னதுபோல வாய் கசந்தது. "வீட்டுக்குப் போயிடுங்க, ஹிராம். உங்க சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"போனா இன்னிக்கே வேற கிழவன் வந்துடுவான். மூணே நாளுடா. கடைசிவரைக்கும் உசுரோட நிக்கிற வேஷம் எனக்கு வேற யாரு குடுப்பா? நீ வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தேன். சாம்பல் பூச்சுக்கு அன்று தேவையே இல்லை, முகம் தானாகவே அந்த நிறத்துக்கு வந்திருந்தது. ரோஜா நிறத்தை எடுத்துக் கன்னத்திலும் நெற்றியிலும் தேய்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

உடை அறைப் பெண் அவருடைய பழுப்புக் கோட்டைக் கொண்டுவந்து நாற்காலி முதுகில் போட்டாள். அவள் கையில் இன்னொரு கோட்டும் இருந்தது. அதே துணி, அதே பித்தளைப் பொத்தான்கள். தோள் மட்டும் சற்று அகலம். அதை அவள் அவசரமாகப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஹிராம் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"காதுக்கும் போடு, லியோ," என்றார். "கேக் வெட்டும்போது கேமரா இந்தப் பக்கம் வரும்."

தலையை மெல்லத் திருப்பி, மெழுகாய் வெளுத்திருந்த காதை எனக்குக் காட்டினார்.