வடக்காலத் தோட்டத்து எதிர்ப்பாட்டு

செத்தவங்களுக்குப் புத்தகம் போடுவாங்களான்னு நீங்களே சொல்லுங்க. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்போம், காதுகுத்துக்கு அடிப்போம். ஆள் போயிட்டா நாலு ரோட்டுல 'கண்ணீர் அஞ்சலி'ன்னு ஃபிளெக்ஸ் கட்டுவோம், ஒரு மழைக்கு அதுவும் கிழிஞ்சு தொங்கும். எம் மருமக வந்து, மாமாவுக்கு ஒரு புத்தகம் போடோணும் அத்தைன்னு நின்னப்ப எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

மருமக பேரு பிம். நான் பிம்முன்னுதான் கூப்புடுவேன். தாய்லாந்துப் புள்ளை. எம் பையன் கதிர்வேல் பாங்காக்குல மோட்டார் பம்பு விக்கற கம்பெனிக்குப் போன எடத்துல கட்டிக்கிட்டான். தமிழ் பேசுவா, ஆனா ஒவ்வொரு வார்த்தையையும் தராசுல நிறுத்துக் குடுக்கற மாதிரி மெதுவாத்தான் வரும். எங்க ஊட்டுக்காரர் தம்பிதுரை மார்வலியில போனதும் ரெண்டு பேரும் ஓடி வந்து, கருமாதி வரைக்கும் இங்கயே தொண்டாமுத்தூர்த் தோட்டத்துல தங்கிட்டாங்க.

அவங்க ஊர்ல தகனத்துக்கு வந்தவங்க கையில ஒரு சின்னப் புத்தகம் குடுத்து அனுப்புவாங்களாம். முதல்ல போனவங்க கதை. அப்புறம் அவங்களுக்குப் புடிச்சது எதாச்சும் இருக்குமாம், பாட்டோ, சாமி மந்திரமோ, சமையலோ. பிம்மோட அப்பா புத்தகத்துல அவரு வெச்ச மீன்கொழம்புப் பக்குவம் எல்லாம் இருக்குதாம். அக்கம்பக்கத்துல இன்னும் அதைப் பாத்துத்தான் கொழம்பு கொதிக்குதாம். இப்படிப்பட்ட புத்தகங்களை நூலகத்துலயே அடுக்கி வெச்சிருக்காங்கன்னு கதிரும் எடுத்துச் சொன்னான். எங்க ஊட்டுக்காரருக்கு வெங்காயம் உரிக்கக்கூடத் தெரியாது, என்னத்தைப் போடறதுன்னு கேட்டேன்.

"மாமா யானைக்குப் பாடுன பாட்டைப் போடலாம் அத்தை"ன்னா பிம்மு.

அந்தக் கூத்தை உங்களுக்குச் சொல்லோணும். எங்க தோட்டம் மலையடிவாரம். பொழுது சாஞ்சா யானை எறங்கும். ஒருத்தர் தகரம் தட்டுவாங்க, ஒருத்தர் டார்ச் அடிப்பாங்க. இவரு பாடுவாரு. தெக்கால எங்க தோட்டம், வடக்கால இவரு தம்பி நாச்சிமுத்து தோட்டம், நடுவுல ரெண்டு பேருக்கும் ஒரே கெணறு. ஒரு வெயில் காலம் எங்க வாழை வாடி நிக்குது, தண்ணி எங்க முறைன்னு தெரிஞ்சும் பைப்பைத் தம் பக்கம் திருப்பிக்கிட்டாரு அந்த மனுசன். இப்பவும் சொல்லுவேன், தப்பு அவர் மேலதான். அதுல இருந்து அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லை. ஆனா யானை வந்துட்டா மட்டும் ரெண்டு வாயும் தொறந்துக்கும். இவரு ஆரம்பிப்பாரு:

வாழை திங்க வந்த சாமி,
எங்காய் எல்லாம் துவர்க்குமுங்க;
வடக்கு வேலி தாண்டிப் பாருங்க,
வாயில வெச்சா இனிக்குமுங்க!

ஒடனே அங்கிருந்து எதிர்ப்பாட்டு வரும். யானைகிட்டப் பேசற சாக்குல ஒருத்தரை ஒருத்தர் வையறதுதான், வேறென்ன. அந்தாளு குரலு கேட்டாலே நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுபோடுவேன். என் வைராக்கியம் அப்படி.

நான் வேண்டாம்னு சொன்னதை யாரு கேட்டா? பிம்மு போனை எடுத்துக்கிட்டுத் தோட்டம் தோட்டமாப் போயி, இவரு பாட்டு யாருக்கு என்ன ஞாபகம் இருக்குதுன்னு கேட்டுப் புடிச்சுக்கிட்டு வந்தா. கெழக்கால தோட்டத்து பாலகோபால் நாயுடு எங்க வாசல்லயே நின்னு ஒரு பாட்டைப் பாடிக் காட்ட, துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எழவு ஊட்டுல என்ன சிரிப்பாணின்னு வையலாம்னு வெளிய வந்தேன். வந்த நானே சிரிச்சுபோட்டேன். ஆளு போனதுக்கு அப்புறம் நான் சிரிச்சது அதுதான் மொதல்.

சரி போடுங்கன்னு உட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அச்சாபீஸ்ல இருந்து மாதிரிப் புத்தகம் வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா, எடது பக்கம் பூரா இவரு பாட்டு, வலது பக்கம் பூரா வெறும் வெள்ளைத்தாள். இதென்ன, பாதியை அடிக்க மறந்துட்டாங்களான்னு கேட்டேன். பிம்மு இல்லைன்னு தலையாட்டுனா. அவங்க ஊர்ல ஆத்துல தண்ணி நெறைஞ்சு போற மாசத்துல ஒரு படகுல இருந்து ஆம்பளைங்க பாடுவாங்களாம். இன்னொரு படகுல இருக்கற பொம்பளைங்க நின்ன நெலையில எதிர்ப்பாட்டுக் கட்டிப் பாடோணுமாம். பதில் இல்லைன்னா அது பாட்டே இல்லையாம். நாச்சிமுத்து பாடுனது யாருக்கும் தெரியலை, அவருகிட்டயே போயிக் கேக்க நான் உடலை. அவரு தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வெறுங்காடு. அவரு பாட்டைக் கேக்க ஒலகத்துல இருந்த ஒரே ஆளு எங்க ஊட்டுக்காரர்தான்.

"எடம் உட்டு வெச்சிருக்கேன் அத்தை. மாமா தனியாப் பாட வேண்டாம்"னா.

நான் கடைசிப் பாட்டைத் திருப்புனேன். அது எனக்கு மட்டும் தெரிஞ்ச பாட்டு, நாந்தான் அவளுக்குச் சொன்னேன். இவரு போறதுக்கு முந்தின நாள் பொழுது சாயற நேரம், கூட்டத்தை உட்டுப் பிரிஞ்ச ஒத்தை யானை ஒண்ணு வேலியோரமா வந்து நின்னுச்சு. இவரு பாடுனாரு. வடக்கால இருந்து சத்தமே இல்லை. மறுபடியும் பாடுனாரு. யானை அதும்பாட்டுக்குப் போயிருச்சு. இவரு மட்டும் கெணத்து மேட்டுல உக்காந்தே இருந்தாரு. சோத்துக்கு வந்தவரு, வடக்கால வெளக்கே எரியலைன்னு மட்டும் சொல்லிப்போட்டுப் பாதியில கை கழுவிட்டாரு. காலையில ஆள் இல்லை.

அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. என்னால தாங்க முடியலைங்க. கேட்டுக் கேட்டுப் பதில் கெடைக்காமப் போன மனுசனாவே ஊரு கைக்கு அவரு போகக் கூடாதுன்னு தோணிப்போச்சு. புத்தகத்தை இடுக்கிக்கிட்டு வேலிப் படலைத் தள்ளிக்கிட்டுப் போனேன். அந்த வாசலை நான் மிதிச்சு எத்தனையோ வருசமாச்சு.

கொழுந்தனார் கயித்துக் கட்டல்ல உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாரு. எழவுக்கு வந்தப்பவும் வாசல்லயே நின்னுட்டுப் போனவரு, ஊட்டுக்குள்ள வரலை. அதுவே எனக்கு ஆறாம இருந்துச்சு.

"ஏனுங்க, உங்கண்ணன் கடைசியாப் பாடுனதுக்கு நீங்க ஏன் பதில் சொல்லலை?"ன்னு கேட்டேன்.

அவரு சத்தியமங்கலத்துல மக ஊட்டுக்குப் போயிருந்தாராம். எழவுச் சேதி வந்துதான் ஓடி வந்தாராம். அண்ணன் பாடுனதே அவருக்குத் தெரியாது. "என்ன பாடுனாருங்க, நங்கை?"ன்னாரு. எங்க பக்கம் அண்ணியை நங்கைன்னுதான் கூப்புடுவாங்க. அந்த வார்த்தையை அவரு வாயில கேட்டே அத்தனை காலமாச்சு.

எனக்குப் பாட வராது. படிச்சேன்.

கூட்டத்தை உட்ட ஒத்தையாரே,
கோவம் இன்னும் தீரலீங்களா?
ஒரே பள்ளத்துத் தண்ணி குடிச்சோம்,
ஊட்டுக்குத் திரும்ப வழியில்லீங்களா?

அது யானைக்குச் சொன்னது இல்லைன்னு படிக்கறப்பத்தான் எனக்கே ஒறைச்சுது. நாச்சிமுத்து துண்டுல மூஞ்சியைப் பொத்திக்கிட்டு, வளந்த மனுசன், கேவிக் கேவி அழுதாரு. நானும் அழுதேன், என்ன இப்ப? அப்புறம் மெள்ள, பாட்டாவும் இல்லாமப் பேச்சாவும் இல்லாமச் சொன்னாரு:

கூப்புட்டா வரமாட்டேன்னா சொன்னேன்?
கூப்புடத்தான் ஆளில்லீங்களே;
வழியெல்லாம் அப்படியே கெடக்குதுங்க,
வாசல்ல நிக்க அண்ணன் இல்லீங்களே.

பைப்பைத் திருப்புனதை நான் இன்னும் மறக்கலை, அது வேற. ஆனா அன்னைக்கு அவங்க ஊட்டுல உக்காந்து காப்பி குடிச்சேன். பிம்மைக் கூப்புட்டு உட்டேன். பழைய பாட்டு ஒண்ணுக்கு ஒண்ணு எதிர்ப்பாட்டு அத்தனையும் அவரு நெஞ்சுல இருந்துச்சு. வெள்ளைப் பக்கம் எல்லாம் ரொம்பிப்போச்சு.

கருமாதியன்னைக்குப் பந்தல்ல வந்து பாத்திருக்கோணும் நீங்க. புத்தகத்தை ஆளுக்கொண்ணு குடுத்தோம். எலை போட்டுச் சோறு பரிமாற ஆள் கூப்புடறாங்க, ஒருத்தரும் எந்திரிக்கலை. இந்த வரிசையில ஒருத்தர் எடது பக்கத்தைப் படிக்க, எதுத்த வரிசையில ஒருத்தர் வலது பக்கத்தைப் படிக்கறாங்க. நாச்சிமுத்து பங்காளியா முன்னாடி நின்னு வந்தவங்களைக் கும்புட்டாரு. ஊட்டுக்குள்ளயும் வந்தாரு.

கதிரும் பிம்மும் ஊருக்குக் கெளம்பறதுக்கு முந்தின நாள் பொழுது சாய அந்த ஒத்தை யானை மறுபடி வந்துச்சு. நாங்க களத்துல நின்னுக்கிட்டு இருந்தோம். வடக்கால இருந்து குரல் வந்துச்சு:

வடக்கால எல்லாம் வெறுங்காடு,
தெக்கால போங்க சாமியோவ்;
தென்னைக்குக் காவல் ஆளில்லை,
தெம்பாத் தின்னுங்க சாமியோவ்!

குரல் கடைசியில கம்மிப்போச்சு. பழக்கத்துல பாடிப்போட்டாரு, பாவம். பாடுன அப்புறந்தான் எங்க பக்கம் பாட யாரும் இல்லைன்னு அவருக்கு நெனப்பு வந்திருக்கோணும். கதிர் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டான். யானைகூட அப்படியே நிக்குது. ஆளில்லையாமா? எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். சேலையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கெணத்து மேட்டுல ஏறி நின்னேன்:

ஆளில்லைன்னு சொன்ன வாய்க்கு
ஆப்பக்கரண்டிச் சூடு வெப்பேன்;
கொழுந்தனார் காட்டுல கரும்பிருக்கு,
கூட்டத்தோட போகச் சொல்வேன்!

வடக்கால நின்னு நாச்சிமுத்து சிரிச்சாரு பாருங்க, அச்சு அசல் அவங்கண்ணன் சிரிப்பு.

பிம்மு போனைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. புத்தகம் அடிச்சு முடிச்சாச்சே, இந்தப் பாட்டை எங்க போடறது அத்தைன்னு கேட்டா.

"பத்திரமா வெச்சிரு கண்ணு. என் புத்தகத்துல போடலாம்"னேன்.